அடிவயிற்றில் ஒரு 'டப்'

அத்தியாயம் 9

டீச்சர் சொன்ன பொய்க்கு அன்றோடு ஏழு வாரம் வயதாகியிருந்தது.

நடுவில் ஓரிரு வாரம் படிக்கத் தவறியவர்களுக்காக ஒரு வார்த்தை. டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை, டிரைவிங் ஸ்கூல் டீச்சர். பதினேழு வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்தே ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவள். படிக்க வந்தவர்கள் டீச்சர் என்று கூப்பிட்டு, அக்கம்பக்கத்தார் கூப்பிட்டு, கடைசியில் கட்டிய கணவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

இரட்டைப் பெண்களைச் சுமந்தபோது விலகிய வயிற்றுத் தசைகள், அந்தப் பெண்கள் வெளியூர் காலேஜுக்குப் போன பிறகும் ஒன்றுசேர மறுத்துவிட்டன. நடுவயிற்றில் நான்கு விரல் உள்ளே போகும் இடைவெளி. அதற்கு மேல் தளர்ந்து தொங்கிய தோல். பஸ்ஸில் ஏறினால் பாவப்பட்டு எழுந்து இடம் கொடுத்தார்கள். நாள் முழுக்கக் காரில் உட்கார்ந்தால் இடுப்பு இற்று விழுந்தது. ஒரு மாணவி வேறு, நாற்பத்தாறு வயதுக்காரியைப் பார்த்து, "எத்தனை மாசம் டீச்சர்?" என்று அன்பாகக் கேட்டு வைத்தாள்.

அந்த வாரமே டீச்சர் டாக்டரைப் போய்ப் பார்த்தாள். விலகிய தசையை இழுத்துச் சேர்த்துத் தைத்து, மிஞ்சிய தோலை வெட்டியெடுத்தார்கள். கணவர் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் அது 'ஹெர்னியா ஆபரேஷன்'. குறிப்பாக நாத்தனாரிடம்.

நாத்தனாருக்கு வேலை தபால் ஆபீஸ் கவுண்டரில். அங்கே ஒரு செய்தியை உள்ளே போட்டால், ஸ்டாம்ப் ஒட்டாமலே ஊர் முழுக்கப் பட்டுவாடா ஆகிவிடும்.

அன்று டீச்சர் மறுபடி வேலைக்குப் போகும் முதல் நாள். கட்டில் ஓரத்தில் நின்று கைகளைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவர், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், மண்டி போட்டு உட்கார்ந்து அவள் வயிற்றைச் சுற்றி அகலமான பெல்ட்டை இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

"இறுக்கமா இருக்கா?"

"மூச்சு போகுது. அது போதும்."

கண்ணாடிக் கடைக்காரர் இயல்பாகவே வேடிக்கையாகப் பேசுகிறவர். சிரித்தால் தையல் இழுக்கிறது என்று டீச்சர் உத்தரவு போட்டதிலிருந்து, ஏழு வாரமாக வீட்டில் அவர் பேசியதெல்லாம் வானிலை அறிக்கை மாதிரி இருந்தது. அடக்கிவைத்ததையெல்லாம் கடைக்கு வருகிறவர்களிடம் கொட்டித் தீர்த்தார். கண் பரிசோதனைக்கு வந்த ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுத்தைப் படிக்காமலே எழுந்து போய்விட்டதாகக் கேள்வி.

"தலையணை எடுத்துக்கிட்டியா?"

கைக்குழந்தை அளவில் ஒரு குட்டித் தலையணை. இருமலோ தும்மலோ வந்தால் வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் கொடுத்தது. டீச்சர் கைப்பையைத் தட்டிக் காட்டினாள்.

"இன்னிக்கு மொதல்ல யாருக்கு கிளாஸ்?"

"உங்க அக்காவுக்கு."

பெல்ட்டின் கடைசிப் பட்டையை ஒட்டப் போன கை அந்தரத்தில் நின்றது. "எங்க அக்காவா? அவ எதுக்கு வண்டி ஓட்டக் கத்துக்கணும்?"

"அதான் எனக்கும் தெரியல. எங்க ஸ்கூல் ஆபீஸுக்குப் போன் பண்ணி, நான் வேலைக்கு வர்ற மொதல் நாள் மொதல் கிளாஸ்தான் வேணும்னு கேட்டு வாங்கியிருக்காங்க."

கணவர் யோசித்தார். "அது வண்டி கத்துக்க இல்ல டீச்சர். வாயைக் கிண்ட."

*

காலை ஒன்பதுக்கு நாத்தனார் புதுக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஐம்பத்து மூன்று வயது, கனத்த உடம்பு, கவுண்டர் கண்ணாடியைத் தாண்டிக் கேட்கும் குரல். ஸ்டியரிங்கைப் பிடித்த விதத்தில், யாரோ அதைப் பறித்துக்கொண்டு ஓடப் போகிறார்கள் என்ற பயம் தெரிந்தது.

"எங்க வீட்டு மனுஷனுக்கு இது தெரியக் கூடாது" என்றாள். "முப்பது வருஷமா, உனக்கு வராது உனக்கு வராதுன்னு சொல்லிட்டார். ஒரு நாள் நான் ஓட்டிட்டுப் போய் அவர் வாசல்ல நிறுத்தி ஹாரன் அடிக்கணும்."

"கண்டிப்பா அடிப்பீங்க அண்ணி. முதல்ல கிளட்ச்சை மிதிங்க."

கார் மூன்று முறை குதித்து, நான்காவது முறை நகர்ந்தது. முதல் பத்து நிமிடம் நாத்தனார் ரோட்டைப் பற்றி மட்டும் பேசினாள். பதினோராவது நிமிடம் வண்டி இரண்டாவது கியருக்குப் போனது. பேச்சும் கியர் மாறியது.

"ஏம்மா, ஹெர்னியாவுக்கு இவ்வளவு நாளா லீவு? எங்க போஸ்ட் மாஸ்டருக்கும் ஹெர்னியாதான். பதினைஞ்சாம் நாள் மூட்டை தூக்கினார்."

"எனக்குக் கொஞ்சம் பெரிசு அண்ணி. கண்ணாடியைப் பாருங்க."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். ஹெர்னியா எடுத்தா இடுப்பும் சேர்ந்து சின்னதாகுமா என்ன?"

"பத்தியச் சாப்பாடு. இன்டிகேட்டர் போடுங்க."

"பத்தியத்துல எங்க வீட்டு மனுஷன் மூணு மாசம் இருந்தார். கன்னம்தான் ஒட்டிச்சு. தொப்பை அப்படியே..."

"அண்ணி, பிரேக்!"

கடைத்தெரு முனையில் ஒரு ஆள், தன் உயரத்துக்கு இருந்த ஸ்டாண்ட் ஃபேன் ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பாமலே ரோட்டில் இறங்கினார். நாத்தனார் பிரேக்கைத்தான் மிதித்தாள், மனதால். காலால் மிதித்தது ஆக்சிலேட்டரை.

டீச்சர் தன் பக்கத்துப் பிரேக்கில் முழு உடம்பையும் இறக்கினாள். கார் கிறீச்சிட்டு, ஒரு முழம் மிச்சம் வைத்து நின்றது. ஃபேன்காரர் திரும்பி, ஃபேனைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் இறக்கைகளைத் தடவிப் பார்த்தார். தனக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று பார்த்துக்கொள்ளத் தோன்றவில்லை. மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

டீச்சர் அசையவில்லை.

மிதித்த அதே நொடியில் வயிற்றில் 'டப்' என்று ஒரு சத்தம். காதுக்கும் கேட்டது, உடம்புக்கும் கேட்டது. தொடர்ந்து தொப்புளுக்குக் கீழே சுரீரென்று ஒரு வலி. சூடாக எதுவோ பரவியது போலிருந்தது.

பிரிந்துவிட்டது. உள்தையல் பிரிந்துவிட்டது. டாக்டர் மேலிருந்து கீழ் வரை கோத்து இழுத்துக் கட்டிய தசை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்து, பழையபடி இரண்டு கரையாக ஒதுங்குவதை அவள் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். ஏழு வாரம் குனிந்தே நடந்தது, ஒருக்களித்துப் படுக்க முடியாமல் சாய்ந்தே தூங்கியது, எல்லாம் ஒரு ஃபேனுக்காகப் பாழ்.

"டீச்சர்! ஏய்! என்னம்மா, முகம் இப்படி வெளுத்துப் போச்சு?"

"தையல்..." என்றபடி போனை எடுத்தாள். டாக்டரின் நம்பரைப் போட்டாள். நர்ஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டு, உடனே கிளம்பி வரச் சொன்னாள்.

பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. கார் நட்ட நடு ரோட்டில் நின்றது. ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளின் மொத்த ஓட்டுநர் அனுபவம் இருபத்து மூன்று நிமிடம்.

"இறங்கி வேற வண்டி பிடிக்கலாமா?" என்றாள் நாத்தனார்.

"என்னால எந்திரிக்க முடியாது அண்ணி. நிமிரவே பயமா இருக்கு. நீங்க ஓட்டுங்க. நான் சொல்றேன்."

"நானா?"

"கிளட்ச். முதல் கியர். காலை மெதுவா எடுங்க. மெதுவா... மெதுவான்னா நிறுத்தறது இல்ல அண்ணி!"

நாத்தனார் ஓட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, மூக்கு ஸ்டியரிங்கில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, சைக்கிள்காரர்கள் எல்லாம் முந்திப் போக ஓட்டினாள். சிவப்பு விளக்கில் ஒரு முறையும், எச்சரிக்கையாகப் பச்சை விளக்கில் ஒரு முறையும் நின்றாள். பக்கத்தில் வந்த லாரிக்காரர் ஏதோ சொன்னதற்கு, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே கவுண்டர் குரலில் பதில் சொன்னாள். லாரி ஒதுங்கிப் போனது.

டீச்சருக்கு வலியோடு இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. இன்னும் இரண்டு தெரு தாண்டினால் கிளினிக். அதன் வாசலில் ஆளுயரப் பலகையில், 'உடல் அழகு மற்றும் சீரமைப்பு அறுவைச் சிகிச்சை' என்று எழுதியிருக்கும். நாத்தனாருக்கு நாள் முழுக்க விலாசம் படிக்கிற கண்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு ஹெர்னியா இல்ல. வயித்தைச் சரி பண்ணிக்கிட்டேன். தோலை எடுத்து, தசையைத் தைச்சு..."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாலாம் நாள் உன்னைப் பாக்க வந்தேனே, அப்பவே தெரியும். ஹெர்னியாக்காரங்க யாரும் கண்ணாடி முன்னாடி பக்கவாட்டுல நின்னு பாத்துக்க மாட்டாங்க." கார் ஒரு குழியில் இறங்கி ஏறியது. "கவுண்டர்ல ஏழெட்டுப் பேர்கிட்ட சொல்லியும் ஆச்சு. எங்க தம்பி பொண்டாட்டிக்கு ஹெர்னியாங்கறதெல்லாம் சும்மான்னு."

டீச்சருக்கு அழுவதா கோபப்படுவதா என்று புரியவில்லை. எதைச் செய்தாலும் வயிறு இழுக்கும் என்பதால் இரண்டையும் ஒத்திப்போட்டாள்.

 பிறகு நாத்தனாரே ஆரம்பித்தாள். குரல் இறங்கியிருந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சிரிப்பீங்கன்னு."

"சிரிப்பேன்தான். நாலு பேர்கிட்ட சொல்லியும் சிரிப்பேன். சிரிச்சுட்டு வந்து உன் துணியெல்லாம் துவைச்சுப் போட்டிருப்பேன். என் தம்பி ஒண்டி ஆளா, துவைச்ச துணிய பிழியக்கூடத் தெரியாம, சொட்டச் சொட்டக் கொடியில போட்டுக்கிட்டு இருந்தானே..." நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "இப்ப எந்தப் பக்கம்?"

"நேரா."

*

டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். சிரிக்காத முகம், வெதுவெதுப்பான கை. டீச்சரைப் படுக்கவைத்து, பெல்ட்டைக் கழற்றி, "மூச்சை இயல்பா விடுங்க. இப்ப தலையை மட்டும் கொஞ்சம் தூக்குங்க" என்றாள்.

விரல்கள் நெஞ்சுக்கூட்டின் கீழிருந்து அடிவயிறு வரை அங்குலம் அங்குலமாக இறங்கின. டீச்சர் கூரையில் இருந்த விளக்கை எண்ணினாள். ஒரே ஒரு விளக்குதான். அதையே ஆறு முறை எண்ணினாள். நாத்தனார் இரண்டு கைப்பைகளையும் குட்டித் தலையணையையும் சேர்த்து அணைத்தபடி சுவரோரம் நின்றாள்.

டாக்டர் ஸ்கேன் கருவியை வைத்துத் திரையைப் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள்.

"விலகல" என்றாள் கடைசியில். "தையல் அப்படியே இருக்கு."

"ஆனா சத்தம் கேட்டுச்சு டாக்டர். டப்புனு."

டாக்டர் பெல்ட்டை எடுத்து, உள்ளே நெட்டுக்குத்தாக வைத்துத் தைத்திருந்த பிளாஸ்டிக் பட்டியை இழுத்துக் காட்டினாள். அது நடுவில் முறிந்து இரண்டாகியிருந்தது. "சத்தம் போட்டது இது. முறிஞ்ச முனை குத்தினதுலதான் சுரீர்னு இருந்திருக்கும். தசையும் கொஞ்சம் சுளுக்கிக்கிட்டிருக்கு, அது நாலு நாள் வலிக்கும்."

டீச்சருக்குக் கண்ணீர் கண்ணோரம் வழிந்து காதுக்குள் போனது. நாத்தனார் தலையணையாலேயே அதைத் துடைத்தாள்.

"ஆனா நீங்க பண்றது ஒண்ணு தப்பு" என்றாள் டாக்டர். "நாள் முழுக்க வயித்தை உள்ள இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க. பிரிஞ்சுடுமோன்னு பயம். தைச்சுட்டா மட்டும் தசைக்குப் பலம் வந்துடாது. இருபது வருஷம் வேலை செய்யாம இருந்த தசை. அதை மறுபடி பழக்கணும். பயிற்சி சொல்லித் தர ஆள் இருக்காங்க, வாரம் ரெண்டு நாள் வாங்க. இன்னும் ஒரு மாசத்துக்குப் புதுசா கத்துக்கறவங்களோட கார்ல ஏறாதீங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் பார்வை நாத்தனாரின் கான்வாஸ் ஷூவில் இருந்தது.

டீச்சர் மெதுவாக எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டாள். கிளம்பலாம் என்று பார்த்தால் நாத்தனார் நகரவில்லை.

"டாக்டர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"இந்த இடைவெளி, இடைவெளின்னு சொல்றீங்களே. அது இவளை மாதிரி ரெட்டைப் பிள்ளை பெத்தவங்களுக்குத்தான் வருமா?"

டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு படுக்கை மேல் புதுக் காகிதத்தை விரித்தாள். "ஷூவைக் கழட்டிட்டுப் படுங்க."

டீச்சர் திகைத்து நின்றாள். எந்த வீட்டு விசேஷத்திலும் யாரையும் விட்டுவைக்காத நாத்தனார், இப்போது கண்ணை இறுக மூடி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிவைத்துப் படுத்திருந்தாள். தலையைத் தூக்கச் சொன்னதும் வயிற்றின் நடுவில் நீளவாட்டில் ஒரு மேடு எழும்பியது. அந்த மேட்டுக்குள் டாக்டரின் நான்கு விரலும் இறங்கின.

"எத்தனை குழந்தைங்க?"

"மூணு. கடைசி ஆளுக்கே இருபத்திமூணு வயசு."

"இடுப்பு வலிக்குமா?"

"அது கவுண்டர்ல உட்கார்ந்து உட்கார்ந்து..."

"சிரிச்சா, இருமினா, சிறுநீர் கசியுமா?"

 கண்ணைத் திறந்து டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் சட்டென்று சுவரில் இருந்த படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அதான் நான் மத்தவங்களைச் சிரிக்க வெச்சுட்டு நான் சிரிக்காம இருக்கறது" என்றாள் நாத்தனார், கூரையைப் பார்த்து. "தின்னு தின்னு வந்த தொப்பைன்னு வீட்டுல சொன்னாங்க. நானும் பாதி நாள் ராத்திரி சாப்பிடாம படுத்தேன். போகல."

"சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா." டாக்டரின் விரல் தொப்புளுக்கு மேல் ஓரிடத்தில் நின்றது. லேசாக அழுத்தி, இருமச் சொல்லி, மறுபடி அழுத்தினாள். "இது எவ்வளவு நாளா இருக்கு? இந்தக் கட்டி மாதிரி?"

"ஒரு வருஷம் இருக்கும். படுத்தா உள்ள போயிடும். எந்திரிக்கறப்ப மட்டும் பிடிச்சு இழுக்கும்."

"இதைத் தள்ளிப்போட வேணாம். பெரிய ஸ்கேன் ஒண்ணு எடுத்துடுங்க. அடுத்த மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிடலாம், தசையையும் அப்பவே சேர்த்துத் தைச்சுடலாம். அதுக்குள்ள அந்த இடம் கல்லு மாதிரி இறுகினாலோ, வாந்தி வந்தாலோ ஒரு நிமிஷம்கூட யோசிக்காம வந்துடணும்."

"அப்படி என்னது டாக்டர் அது?"

"ஹெர்னியா."



நாத்தனார் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் அவளைப் பார்த்தாள்.

"நெஜ ஹெர்னியாவா?"

"நெஜ ஹெர்னியாதான்."

"ஐயோ, நான் எப்படி அதை வெளியில சொல்வேன்? ஹெர்னியான்னா என்ன அர்த்தம்னு நான்தானே ஊர் பூரா விளக்கம் சொல்லி வெச்சிருக்கேன்!"

டீச்சருக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று கையை நீட்டினாள். நாத்தனார் புரிந்துகொண்டு, பக்கத்தில் வைத்திருந்த தலையணையை எறிந்தாள். அதை வயிற்றோடு அணைத்து, நாற்காலியில் சுருண்டு, சத்தமே வராமல், கண்ணீர் வழிய வழிய டீச்சர் சிரித்தாள். ஏழு வாரத்தில் முதல் சிரிப்பு. வலித்தது. ஆனால் எதுவும் பிரியவில்லை.

"சிரி, சிரி" என்றாள் நாத்தனார். "நான் சிரிச்சா எனக்கு வேற சேலை மாத்தணும்." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் வாய் கோணிக்கொண்டது. டாக்டர் வாசல் பக்கம் கை காட்டினாள். "பாத்ரூம் அந்தப் பக்கம்."

*

காரைக் கிளினிக் வாசலிலேயே விட்டுவிட்டு, டாக்ஸியில் வீடு வந்து சேர்ந்தார்கள். போனில் விஷயம் கேட்ட கண்ணாடிக் கடைக்காரர் கடையை மூடிவிட்டு ஓடிவந்து வாசலில் நின்றார். இரண்டு பெண்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்ததும் அவருக்கு யாரைப் போய்த் தாங்குவது என்று தெரியவில்லை.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"இவளுக்கு ஒண்ணும் ஆகல" என்றாள் நாத்தனார். "எனக்குத்தான். ஆபரேஷன் முடிஞ்சதும் ஆறு வாரம் இங்கதான் இருப்பேன். அந்த ஜன்னல் பக்கத்து ரூம். எப்படிப் படுக்கணும், எப்படி எந்திரிக்கணும்னு இவளுக்குத்தான் தெரியும்."

"ஆறு வாரமா?" கணவர் மனைவியைப் பார்த்தார். அவர் வாயில் ஒரு ஜோக் வந்து முட்டி நிற்பது டீச்சருக்குத் தெரிந்தது. கண்ணாலேயே அடக்கினாள். விஷயம் முழுக்கக் கேட்டதும் அவருக்கே அது மறந்து போனது. அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பேசுவது என்று தெரியாமல், அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கித் தன் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாமாகிட்ட சொல்லிட்டியாக்கா?"

"இன்னும் இல்ல." நாத்தனார் கால் கட்டை விரலால் தரையைக் கீறினாள். "முப்பது வருஷமா அந்த மனுஷன்கிட்ட எனக்கு முடியலன்னு ஒரு நாள் சொன்னதில்ல. எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல."

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. திரையில் பெரிய எழுத்தில் 'எடுக்காதே' என்று வந்தது. கணவரின் நம்பரை அவள் அந்தப் பெயரில்தான் போட்டு வைத்திருந்தாள்.

ஐந்தாவது மணியில் போனை டீச்சரின் கையில் திணித்தாள். "நீ பேசு. நான் பேசினா அழுதுடுவேன். பக்குவமா சொல்லு. நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே."

டீச்சர் போனைக் காதில் வைத்தாள். "அண்ணா, நான் டீச்சர் பேசறேன்."

 எப்போதும் அதட்டியே பழக்கப்பட்ட அந்தக் குரல், யாருக்கோ பயந்தது போலத் தணிந்து வந்தது.

"நீயாம்மா எடுத்தே? நல்லதாப் போச்சு. அவ பக்கத்துல இருக்காளா? இருந்தா கொஞ்சம் தள்ளி வா. ஒரு வருஷமா அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டேதான் படுக்கையை விட்டு எந்திரிக்கறா. கேட்டா எரிஞ்சு விழறா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், நான் கூப்பிட்டா வர மாட்டா. நீ சொன்னா கேப்பா. நான் கேட்டேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதே."

எதிரில் நாத்தனார் புருவத்தை உயர்த்தி, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள்: "என்ன சொல்றார்? திட்டறாரா?"